மழலைக்கு மறுமொழி

ஆவடிக்கு மேற்கே, ரயில் பாதை செல்லும் வழியில், செவ்வாப்பேட்டையை அடுத்துத் திரூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே அவ்வூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. நம் நாட்டுக் கூட்டுறவின் வரலாற்றை எழுதுவோர் அவ்வூரின் பெயரை விட்டுவிடுவதில்லை. எந்தச் சங்கத்திற்கும் பங்குத் தொகைக்கு முன்னதாக ஒரு மூலதனம் வேண்டும். அதனை நாம் நாணயம் என்கிறோம். வாங்கியவர் திருப்பித் தருவார், எடை சரியாக இருக்கும், சொன்ன நாளில் கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் எத்தனை சட்டம் இயற்றினாலும் சங்கம் நிலைப்பதில்லை.

அந்த நம்பிக்கையை மனிதன் எந்த வயதில் கற்கிறான்? பத்திரத்தில் கையொப்பமிடும் வயதிலா? அன்று, தொட்டிலில் கிடக்கும் வயதிலேயே கற்கத் தொடங்குகிறான். அழுதால் யாரேனும் வருவார்களா, கேட்டால் விடை கிடைக்குமா, சொன்ன சொல்லைப் பெரியவர்கள் காப்பார்களா என்பவற்றைக் குழந்தை நாள்தோறும் சோதித்து அறிகிறது. அந்த அறிவின்மேல்தான் அதன் நடத்தையும், மன உணர்ச்சிகளும், கல்வியும் எழுகின்றன. ஆகவே, பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ப்பைப் பற்றி இவ்விதழில் எழுதுவது கூட்டுறவுக்குப் புறம்பான செய்தியாகாது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் கடந்த அறுபது ஆண்டுகளில் அடைந்துள்ள மாறுதலை நாம் அனைவரும் அறிவோம். பூவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பூவிருந்தவல்லி, மாலை தொடுத்துக் காஞ்சி வரதருக்குச் சாத்திய திருக்கச்சி நம்பிகளின் ஊர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் அமைந்தது. தோட்டமும் தறியும் இருந்த குடும்பங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் முறை மாற்றி ஆலை வேலைக்குச் செல்கின்றனர். விடியுமுன் கோயம்பேட்டுப் பூ அங்காடிக்குச் சென்று உதிரிப்பூ வாங்கி வருவோரும், கீரைக்கட்டுகளுடன் முதல் வண்டி ஏறுவோரும் உண்டு. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற நம் மாவட்டத்து நெசவூர்களில், தறி வீட்டிற்குள்ளேயே இருந்தாலும், தறியில் அமர்ந்தவர் எழுந்திருக்க நேரமில்லை. முன்னர் வீட்டில் ஆயாவோ, அத்தையோ, பெரியம்மாவோ எப்போதும் ஒருவர் இருப்பார். இன்று பல வீடுகளில் அவ்வாறில்லை. இந்நிலையில், குழந்தை அழைக்கும்போது மறுமொழி கூறுவது யார்? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

அழுகையும் ஒரு பேச்சே

கருவில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த சில நாட்களிலேயே மற்றக் குரல்களிலிருந்து அதனைப் பிரித்து அறிகிறது. பிறந்து பல திங்கள் வரை அதற்குச் சொல் கிடையாது. அழுகை, சிரிப்பு, கை நீட்டுதல், முகம் திருப்புதல் ஆகியவையே அதன் மொழி. பசி, தூக்கம், ஈரத்துணி, வயிற்றுவலி, தனிமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை அழுகை உண்டென்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அழும்போதெல்லாம் எடுத்தால் குழந்தை கெட்டுவிடும் என்று சிலர் கூறுவர். கைக்குழந்தையைப் பொறுத்தவரை அக்கூற்றில் உண்மையில்லை. அழைத்தால் விடை கிடைக்கும் என்று அறிந்த குழந்தைக்கு நாளடைவில் ஓங்கி அழ வேண்டிய தேவை குறைகிறது.

எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலார் 1970-களில் ஓர் எளிய சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையுடன் வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவாள். பின்னர் இரண்டொரு நிமிடம் முகத்தில் எவ்வித அசைவுமின்றி வெறுமனே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். தாயின் முகம் அசையவில்லை என்று கண்டதும் கலங்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் அங்கேதான் இருக்கிறாள்; பால் உண்டு, கதகதப்பு உண்டு. மறுமொழி ஒன்றுதான் இல்லை. அந்த ஒரு குறையே குழந்தையை அவ்வளவு வாட்டியது. தாய் மீண்டும் சிரித்ததும் குழந்தையும் மீளத் தொடங்கியது.

இச்சோதனையை இன்று நம் வீடுகளில் நாமே அறியாமல் நடத்திக்கொண்டிருக்கிறோம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் குழந்தைக்கு அசைவற்ற முகமே. வேலை முடிந்து வீடு திரும்பியவர், முதல் கால் மணி நேரம் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுக் குழந்தையின் எதிரில் அமர்ந்தால் போதும். அது காட்டுவதைப் பார்க்க வேண்டும். சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அதோ, காக்கா" என்று குழந்தை காட்டினால், "ஆமாம், காக்கா, கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது" என்று ஒரு சொல்லுக்கு நான்கு சொல்லாகத் திருப்பித் தருவது கடினமான காரியமன்று. வட்டி தவறாமல் சேரும் சேமிப்பு இதுவே.

இழை அறுந்தால்

இரண்டு வயது முதல் நான்கு வயது வரை குழந்தைக்கு விருப்பம் மிகுதி, சொல் குறைவு, பொறுமை அதனினும் குறைவு. கடைத்தெருவில் தரையில் புரண்டு அழுவதும், தம்பியைக் கடிப்பதும், தட்டைத் தள்ளிவிடுவதும் இவ்வயதில் இயல்பு. தன்னைத் தான் அடக்கிக்கொள்ளும் ஆற்றல் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அப்பகுதி முதிர்ச்சி பெற இருபது வயதிற்கு மேலும் ஆகிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் முப்பது வயதுப் பொறுமையை எதிர்பார்ப்பது, நாற்றங்காலிலேயே கதிர் அறுக்க முனைவது போன்றது.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை அடிப்பதில்லை. நாடாவை நிறுத்துகிறார், அறுந்த முனையைத் தேடுகிறார், முடிச்சிட்டு, மீண்டும் நெய்கிறார். குழந்தையின் சினத்திற்கும் இம்முறையே பொருந்தும். முதலில் நாம் நிற்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து அமர வேண்டும். அடுத்து, அறுந்த முனையைக் காண வேண்டும். பசியா, தூக்கமா, அச்சமா, விரும்பியது கிடைக்காத ஏமாற்றமா என்று பார்த்து, அதனைச் சொல்லால் கூற வேண்டும். "பலூன் வேண்டுமென்று கோபமாக இருக்கிறாயா, கண்ணு? தெரிகிறது." இவ்வாறு சொல்வதால் பலூன் வாங்கித்தர ஒப்புக்கொண்டதாக ஆகாது. தன் உள்ளத்தில் எழுந்த புயலுக்குக் கோபம் என்று ஒரு பெயர் இருப்பதைக் குழந்தை கற்கிறது. பெயர் தெரிந்த உணர்ச்சியைச் சொல்லிக் காட்டலாம். பெயர் தெரியாததை உதைத்துத்தான் காட்ட முடியும்.

மூன்றாவதாக, எல்லையைச் சுருக்கமாகவும் உறுதியாகவும் கூற வேண்டும். "கோபப்படலாம், தம்பியை அடிக்கக் கூடாது." அழுகை அடங்கும்வரை அருகிலேயே இருந்து, அடங்கிய பின்னர் செய்யத்தக்கதைக் காட்டித்தர வேண்டும். புயலின் நடுவே போதனை பலிக்காது. இன்று அழுகைக்கு அஞ்சிப் பலூனை வாங்கித் தந்து, நாளை அதே அழுகைக்கு அடி கொடுப்பது தீமைகளுள் பெரியது. எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தை ஒருபோதும் கற்காமல் போக அதுவே வழி.

அடியைப் பற்றிச் சில சொற்கள். எட்டு மணி நேரம் நின்று உழைத்து, நெரிசல் வண்டியில் வந்து, அடுப்பை மூட்டும்போது குழந்தை பாலைக் கொட்டினால் கை ஓங்குவது மனித இயல்பே. அந்தத் தாயையோ தந்தையையோ பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், அடி கற்பிப்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாலைக் கொட்டாமல் ஊற்றும் முறையை அது கற்பிப்பதில்லை. பெரியவர் பார்க்கும்போது செய்யக் கூடாது என்பதையும், வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதையுமே கற்பிக்கிறது. பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்துள்ளது. ஆசிரியர் கையிலிருந்து நாம் வாங்கிய பிரம்பை வீட்டில் வைத்துக்கொள்வது முறையாகுமா? சினம் மீறும்போது, குழந்தை பாதுகாப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு நிமிடம் வாசற்படியில் நின்று ஒரு குவளை நீர் அருந்திவிட்டு வரலாம். வீட்டில் மற்றொருவர் இருந்தால் அவரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். பெரியவர் தம் சினத்தை அடக்குவதைப் பார்த்தே குழந்தை தன் சினத்தை அடக்கக் கற்கிறது.

சொன்ன சொல்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், 2013-இல் வெளியான ஓர் ஆய்வு நம் அங்கத்தினர்களின் சிந்தனைக்கு உரியது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகளிடம் அது நடத்தப்பட்டது. படம் வரைய உட்கார்ந்த குழந்தையிடம், "சற்றுப் பொறு, நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன்" என்று ஒருவர் சொல்லிச் சென்றார். பாதிப் பேரிடம் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மற்றப் பாதிப் பேரிடம் வெறுங்கையுடன் திரும்பி, "இல்லை" என்றார். இவ்வாறு இருமுறை நடந்தது. பின்னர் ஒரு மிட்டாயை எதிரில் வைத்து, கால் மணி நேரம் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவதாகக் கூறினார். சொல் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்தான் காத்திருந்தன. முதல் வகுப்பின் 14 பேரில் 9 பேர் முழுநேரமும் பொறுத்தனர். இரண்டாம் வகுப்பில் ஒரே ஒருவர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பொறுமை என்பது பிறவிக்குணம் மட்டுமன்று. சொன்னது நடக்கும் என்ற அனுபவம் உள்ளவனுக்கே பொறுத்திருப்பது அறிவுடைமையாகத் தோன்றும். ஏமாந்தவனுக்குக் கையில் உள்ளதை உடனே உண்பதே அறிவுடைமை. சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கம் இங்கேதான் எழுதப்படுகிறது.

நம் வீடுகளில் குழந்தைக்குச் சொல்லும் சிறு பொய்கள் பல. "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வேலைக்குப் போய்விடுகிறோம். "சாப்பிட்டால் கடைக்குக் கூட்டிப்போகிறேன்" என்கிறோம், போவதில்லை. பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் பிடித்துப்போவார், ஊசி போடுவார் என்று அச்சுறுத்துகிறோம். அதன் பயனாக, நாளை உண்மையாகவே மருத்துவரிடமோ காவலரிடமோ உதவி கேட்க வேண்டிய நேரத்தில் குழந்தை ஒளிந்துகொள்கிறது. வேலைக்குச் செல்லும் தாய் சொல்லிக்கொண்டு செல்வதே நன்று. "அம்மா வேலைக்குப் போகிறேன். விளக்கு வைக்கும் நேரத்திற்கு வருவேன். அதுவரை ஆயாவோடு இரு" என்று சொல்லி, முத்தமிட்டுச் செல்லட்டும். குழந்தை சில நாட்கள் அழும். விளக்கு வைக்கும் நேரத்திற்குத் தாய் தவறாமல் வந்தால், அந்த அழுகை குறையும். ஒளிந்து சென்றால், தாய் எந்நேரமும் மறைந்துவிடுவாள் என்றஞ்சி அவள் சேலையைக் குழந்தை விடவே விடாது. செய்ய முடியாததைச் சொல்லாதிருத்தலும், சொன்னது முடியாமற்போனால் காரணம் கூறி வருத்தம் தெரிவித்தலும் குழந்தையிடத்தும் வேண்டும்.

சிறு கைகளுக்கு வேலை

குறும்பு என்று நாம் கூறுவதில் பெரும்பகுதி வேலையற்ற கையின் துடிப்பு. இதனை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமாட்டிகளுள் ஒருவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். உரோமாபுரியில் தொழிலாளர் குடியிருப்பொன்றில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்த சிறு குழந்தைகளுக்காக 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவருடைய முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பிறந்ததன்று என்பதை நாம் மறக்கலாகாது. அம்மையார் 1939-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. போர் முடியும் வரை அவர் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்து, 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த வேலைகள் எவை? நீரைச் சிந்தாமல் ஊற்றுதல், பெருக்குதல், பொத்தான் இடுதல், துணி மடித்தல், பொருளை எடுத்த இடத்தில் வைத்தல். இவற்றிற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமோ? பூக்கட்டும் வீட்டில் மல்லிகையையும் கனகாம்பரத்தையும் பிரித்து வைக்கச் சொல்லலாம். கீரைக்கட்டில் பழுத்த இலையை எடுக்கச் சொல்லலாம். நெசவு வீட்டில் நூற்சிட்டங்களை வண்ணம் வண்ணமாக அடுக்கச் சொல்லலாம். செடிக்குச் சிறு குவளையால் நீர் விடலாம். சிந்தினால் துடைக்கத் துணியையும் கையில் கொடுக்க வேண்டும். நாம் ஒரு நிமிடத்தில் முடிப்பதைக் குழந்தை பத்து நிமிடம் செய்யும். அந்தப் பத்து நிமிடத்தில் கை, கண், கவனம் மூன்றும் பழகுகின்றன. முடித்ததும், "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சிவப்பையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டாயே" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது மேலானது. தான் செய்ததை ஒருவர் உண்மையாகவே பார்த்தார் என்று குழந்தை அறியும்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். குழந்தை விரும்பிச் செய்து, விரும்பியபோது விட்டுவிடுவது விளையாட்டு. அதன் கையை எண்ணி முழக்கணக்கில் பூவும் தார்க்கணக்கில் நூலும் ஒதுக்கினால் அது கூலிவேலை. முந்தைய தலைமுறையில் தார் சுற்றியே பள்ளியை இழந்தோர் நம்மிடையே உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கமர்த்துவதை 1986-ஆம் ஆண்டின் சட்டமும் அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்குத் திருத்தச் சட்டம் சற்று இடந்தருகிறது. அந்த இடைவெளியைச் சங்க அங்கத்தினர் யாரும் பிள்ளையின் படிப்பையும் உறக்கத்தையும் விழுங்கும் வழியாக ஆக்கிவிடலாகாது.

கதையும் கணக்கும்

மூன்று வயதிலேயே எழுதுகோலைப் பிடித்து எழுத்தெழுத வேண்டும் என்று பலர் அவசரப்படுகின்றனர். விரல்களுக்கு வலுவும், காதுக்குச் சொற்களும் முதலில் வேண்டும். மண்ணில் விரலால் கோடு இழுத்தல், மாவு பிசைதல், மணி கோத்தல் ஆகியவை எழுதுகோலுக்கு முன்னோடிகள். பாட்டும் கதையும் விடுகதையும் வாசிப்புக்கு முன்னோடிகள். "இரண்டு கண்ணி கட்டினேன், இன்னும் ஒன்று சேர்த்தால் எத்தனை?" என்று கேட்பது கணக்கு. நேற்று, இன்று, நாளை என்று பேசுவது வரலாறு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுவோர் அம்மொழியிலேயே வளமாகப் பேசட்டும். வீட்டு மொழியில் வேரூன்றிய குழந்தை பள்ளி மொழியைக் கற்க அஞ்சாது.

ஏழை வீட்டில் உணவு தேடவே நேரம் போதவில்லை, விளையாட்டுக்கு எங்கே இடம் என்று கேட்கலாம். ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்குக் கூடுதல் உணவு தந்தார்கள். சிலர் வீட்டிற்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் சுகாதார ஊழியர் சென்று, வீட்டுப் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு குழந்தையுடன் பேசி விளையாடுவது எப்படி என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்ற வீட்டுப் பிள்ளைகள் அதனைப் பெறாதவரைவிட 25 விழுக்காடு அதிகம் ஈட்டிக்கொண்டிருந்தனர். உணவு உயிருக்கு இன்றியமையாதது. ஆனால் உணவு மட்டும் பெற்றவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. சோற்றோடு பேச்சும் ஊட்டப்பட வேண்டும்.

திரையும் தூக்கமும்

வேலை நேரத்தில் குழந்தை தொல்லை செய்யாதிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிடுவது எங்கும் பரவியுள்ள வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டியதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது. குறைந்தால் இன்னும் நன்று. மூன்று, நான்கு வயதினருக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கமும் வேண்டும். இரவு முறை வேலை செய்யும் வீடுகளில் இது கடினமே. ஆயினும் உணவு, முகம் கழுவுதல், ஒரு கதை, விளக்கணைத்தல் என்ற வரிசையை யார் வீட்டில் இருந்தாலும் மாற்றாமல் நடத்தினால், குழந்தை நேரத்தை அறிந்து தானே உறங்கும். காலையில் காணும் பிடிவாதத்தில் பாதி, முன்னிரவில் இழந்த தூக்கமே.

வெள்ளம் வடிந்த பின்

நம் வட்டாரத்துக் குழந்தைகளுக்கு மற்றோர் அச்சமும் உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் நீர் புகுந்ததையும் யாரும் மறக்கவில்லை. அவ்விரவுகளைக் கண்ட குழந்தைகள் சில, பின்னர் மழை இடித்தாலே நடுங்கும். விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையில் சிறுநீர் கழித்தல் மீண்டும் வரும். "இதற்கெல்லாம் பயப்படலாமா?" என்று கேலி செய்வதால் அச்சம் போகாது, உள்ளே ஒளிந்துகொள்ளும். நடந்ததைக் குழந்தை விரும்பியவாறு சொல்லவும், வரையவும், பொம்மைகளை வைத்து நடித்துப் பார்க்கவும் விட வேண்டும். "தண்ணீர் வந்தது, பயமாக இருந்தது, நாம் எல்லோரும் மாடிக்குப் போனோம், இப்போது ஒன்றாக இருக்கிறோம்" என்று கதையை அதன் நல்ல முடிவு வரை சொல்ல வேண்டும். மழைக்காலத்திற்கு முன் விளக்கையும் துணிமூட்டையையும் ஆயத்தம் செய்யும்போது குழந்தைக்கும் ஒரு சிறு பொறுப்புத் தந்தால், கையில் வேலையுள்ள மனத்தில் அச்சம் குறையும். பல வாரங்களுக்குப் பின்னும் தூக்கமும் உணவும் திரும்பாவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய வேறு குறிகளும் உள. ஓராண்டு நிறைந்தும் மழலை ஒலிகள் இல்லாமை, இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றை, "தாமதமாகப் பேசும் பரம்பரை" என்று ஒதுக்கிவிடக் கூடாது. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழுவினர் பார்க்க வேண்டும். குறையுள்ள குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பவும் வழியுண்டு. இளமையில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் மிகுதி.

மையத்தின் துணை

பெற்றோர் தனித்து நின்று இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாடு முழுதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழகத்தில் 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட குழந்தைகளுக்கும் சோறிட்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்தை ஒட்டிய அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவற்றைச் சோறு போடும் இடமென்று மட்டும் எண்ணுவது தவறு. தமிழகத்தின் 320 மையங்களில் 2010-களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. சில மையங்களில் முன்பருவக் கல்விக்கென அரைநேர ஊழியர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. பதினெட்டுத் திங்களில் குழந்தைகளின் மொழியும் கணக்கும் உயர்ந்தன. கடும் ஊட்டக்குறைவும் குறைந்தது. ஒரு பெண்மணியின் சில மணி நேரம் செய்த வேலை இது.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு முதல் மையங்கள் மூடப்பட்டன. தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதியில்தான் மீண்டும் திறந்தன. இழந்ததை மீட்க, எண்ணும் எழுத்தும் என்ற இயக்கம் 2022 ஜூன் 13-ஆம் நாள் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுப்பு மூட்ட நேரமின்றி ஓடும் தாய்மாருக்கு ஆறுதலளித்தது. மையத்திற்கும் பள்ளிக்கும் குழந்தையை அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. "இன்று என்ன பாட்டு?" என்று மாலையில் கேட்பதும், ஊழியரைத் திங்களுக்கு ஒருமுறை கண்டு பேசுவதும் நம் பங்கு.

சங்கம் செய்யக்கூடியவை

பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. வீட்டில் தறி நெய்வோருக்கும் பூக்கட்டுவோருக்கும் ஆலையும் இல்லை, காப்பகமும் இல்லை. இக்குறையைத் தீர்க்கக் கூட்டுறவே ஏற்ற கருவி. சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைப் பகற்பொழுதில் குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். வயது முதிர்ந்த அங்கத்தினர்களுள் கதை சொல்ல வல்லோரை மதிப்பூதியத்துடன் அமர்த்தலாம். ஐந்தாறு வீடுகள் முறை வைத்து ஒருவர் குழந்தைகளை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். கூலி பட்டுவாடா நாளில் தாய்மாரை மாலை வரை காக்கவைக்காமல் நேரம் குறித்து அனுப்பலாம். பேரவைக் கூட்டத்தில் அங்கன்வாடி ஊழியரை அழைத்துக் கால் மணி நேரம் பேசச் செய்யலாம். தந்தைமாரும் அக்கூட்டத்திற்கு வர வேண்டும். குழந்தை வளர்ப்பைத் தாயின் கணக்கில் மட்டும் பற்று எழுதுவது நேர்மையான கணக்கன்று.

இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தொடங்குவதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு முன்னரே ஒவ்வொரு அங்கத்தினரும் தம் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. இன்று மாலை குழந்தை அழைக்கும்போது கையிலுள்ளதைச் சற்றே கீழே வைத்து, அதன் முகத்தைப் பார்த்து, விடை கூறுங்கள். கூறிய சொல்லை நாளைக் காத்திடுங்கள்.